நாற்பதுக்கு முப்பது

வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு
ஐந்நூற்றைம்பது சதுர அடி.
பின்வளவில் நான் எழுப்பியது
நாற்பதுக்கு முப்பது.
யோகபுரம் வீதியால் போகிறவர்கள்
சைக்கிளில் ஒரு கால் ஊன்றிக் கேட்டார்கள்:
நெல்லுக் களஞ்சியமோ,
கோழிப்பண்ணையோ,
புதுசா ஏதும் சபையோ?
பவளராணி படலையில் நின்று சொன்னாள்:
'கிழட்டு மோட்டச்சைக்கிளுகளுக்கு ஆசுப்பத்திரி.'
குசினிக்கு இன்னும் மாபிள் பதிக்கவில்லை என்பதையும்
கேட்காமலே சொன்னாள்.

அத்திவாரம் வெட்டமுதல்
பெட்டிக்குள் இருந்த கடதாசியை எடுத்துப் பார்த்தேன்.
வெடிபொருள் அகற்றிய காணி.
திகதி, முத்திரை, கையொப்பம், எல்லாம் சரி.
எவ்வளவு ஆழத்துக்கு என்று எழுதிய மூலையை மட்டும்
கறையான் வாசித்து முடித்திருந்தது.
முதல் கிழமை முழுக்க
மண்வெட்டியை நாங்கள்
பூச்செடி நடுகிறவர்கள் மாதிரிப் போட்டோம்.

மேசன் சிற்றம்பலம் நூல் பிடித்தபடி சொன்னான்:
'நடுவில ஒரு குழி விடுவம் அண்ணை.
ஏழடி நீளம், மூன்றடி அகலம்,
ஆள் நிண்டால் தலை தெரியாத ஆழம்.
நாளைக்கு வான் வந்தாலும்
கீழ இறங்கி...'
அளவைச் சொல்லும்போதே
அவனுக்கும் அது என்னவென்று விளங்கிவிட்டது.
நூலைச் சுற்றிக்கொண்டு
மடியில் கனநேரம் வெற்றிலை தேடினான்.

வண்டி ஏறட்டும்,
நான் இறங்கமாட்டன் என்றேன்.
முருங்கன் றெஜினோல்ட்
லொறிச் சட்டம் ஒன்றை வெட்டி ஒட்டி
மிதித்தால் எழும்பும் மேசை செய்து தந்தான்.
இடுப்புயரம்.
முகில் பார்க்கலாம் வேலைக்கிடையில்.

கொங்கிறீற் போட்ட இரவு
மயில் ஒன்று குறுக்கே நடந்துவிட்டது.
பதினாறு அடி.
பூசி மறைக்கச் சொன்னார்கள்.
ஒயில் கொட்டினால் முதலில்
அந்தக் கால்களுக்குத்தான் ஓடுகிறது,
துடைக்கச் சுகம்.

மூன்று பேஸ் மின்சாரத்துக்குப் படிவம்.
என் தொழிலுக்கு அதில் கட்டம் இல்லை.
அலுவலர் யோசித்து
'அரைக்கும் ஆலை' என்று புள்ளடி போட்டார்.
பொய்யில்லை.
நான் அரைப்பது வால்வு.

ஐம்பத்தேழாம் ஆண்டு பி.எஸ்.ஏ.க்கு
மில்லிமீற்றர் ஸ்பானர் பிடியாது, வழுக்கும்.
விட்வேர்த் தொகுதி ஒன்றுக்காகப்
பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் அலைந்தேன்.
என் சிங்களத்தில் இலக்கங்கள் மட்டும் சுத்தம்.
கடைக்காரன் எண்ணாயிரம் என்றான்,
நான் ஐயாயிரம் என்றேன்,
இடையில் இருவரும் தேத்தண்ணி குடித்தோம்.
அதே வண்டியின் தாங்கியை
மூன்று தரம் கழுவியும்
மண்ணெண்ணெய் மணம் போகவில்லை.
ஊசியால் நாலு துளி பெற்றோல் காட்டி
மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தை
ஆரும் வீரமாகச் சொன்னால்
நான் வெளியே போய் நிற்பேன்.
எனக்கு அந்தப் புகையில் இருமல்தான் ஞாபகம்.

நாலாவது வண்டியைப்
பழைய இரும்புக்காரனிடம் கிலோக் கணக்கில் வாங்கினேன்.
இலக்கத்தகடு இல்லை,
சேசிஸ் இலக்கம் தின்னப்பட்டிருந்தது.
சீற்றுக்கடியில், தாங்கியின் பின்நுனியில்,
நகப்பூச்சால் எழுதிய மூன்றெழுத்து:
வினோ.
உரைதாள் அந்த இடத்துக்கு வந்து நின்றது.
ஆணா பெண்ணா, எழுதினவரா எழுதப்பட்டவரா?
இரண்டு நாள் அந்த வண்டியை விட்டு
அலுமாரிக்கு நிறம் அடித்தேன்.
பவளராணி வந்து பார்த்தாள்.
'அடியுங்கோ.
தேடி வாற ஆளுக்கு
எங்க சுரண்டவேணுமெண்டு தெரியும்.'
அடித்தேன். கறுப்பு, இரண்டு பூச்சு.

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினோம்.
விளக்குகள் எல்லாம் போட்டு
கொம்பிறெசர் மூச்சிழுக்க,
பி.எஸ்.ஏ.யை உருட்டிக்கொண்டு வந்தேன்
மேசையில் ஏற்ற.
அங்கே ஏற்கெனவே
அவளுடைய ஸ்கூட்டி நின்றது,
கூடைக்குள் மாபிள் கடை விலைப்பட்டியலோடு.

'முன் பிறேக் கத்துது,' என்றாள்.
'வரிசையில வந்தனான்.'